கைப்பையில் ஒரு விக்கெட் காப்பாளர்

கோப்பன்ஹேகன் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி மிளகாய்த்தூள் பொதியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். ஒரு தும்மல் தும்மி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைத் திரும்ப வைத்துவிட்டார். தட்டைபோல் மொறுமொறுத்த பருத்தித்துறை வடையைத் தட்டிப் பார்த்தார். அடுத்தது கைப்பை. தேவாரப் புத்தகத்துக்குள் இருந்து ஒரு சின்னக் கிரிக்கெட் கார்ட் மேசையில் விழுந்தது. வெள்ளை உடுப்பு, தடித்த மீசை, கையில் கனத்த உறைகள். இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இவர் உங்கள் கடவுளா?" என்று கேட்டார்.

"இல்லை, நியூசிலாந்துக்காரர்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, கார்ட்டை அதே பக்கத்தில் செருகித் தந்தார். பாவம், அவர் பகிடிக்குக் கேட்டார். நான் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அந்தக் கார்ட்டுக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்திருந்தேன். அம்மாவுக்கும் அது தெரியாது.

ஊரறிந்த காரணம் வேறு. என் பெரியம்மாவின் மகள் வசந்தியக்கா கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் இஷொயில் இருக்கிறா. அவவின் மகள் மாயா பெரிய பிள்ளையாகி, சாமத்திய வீடு. கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து அம்மாவின் சார்பில் நான் வந்திருக்கிறேன். போர் முடிந்துவிட்டதென்று வானொலியில் சொன்ன வருடம் அது. முடிந்ததென்று சொல்லி இரண்டு மாதமாகியும், வன்னியில் இருந்த என் தம்பி பாபுவைப் பற்றி ஒரு சொல் இல்லை. முகாம்களில் பெயர் கேட்டுப் பார்த்தோம். இல்லை என்றார்கள். வேறு பெயரில் இருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் எங்களைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் எங்கள் ஊர்ச் சிஸ்டர் ஒருவர், வவுனியா முகாமுக்குப் போய்வரும் கன்னியாஸ்திரி, அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் வீட்டுக்கு வந்தார். முகாமில் யாரோ ஒரு பெண் கொடுத்துவிட்டதாகச் சொல்லி இந்தக் கார்ட்டை என் கையில் வைத்தார். "கொய்யாத்தோட்டத்துச் சுகந்தியிட்டைக் குடுக்கட்டாம். மாறி ஏதாவது வாங்கிக்கொண்டு வரட்டாம்" என்றார். சுகந்தி நான்தான், கொய்யாத்தோட்டம் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர். பதிலுக்கு என்றால் முகாமுக்குத் தேவையான சாமான்தான் என்று நினைத்து, நான் ஓடிப்போய்ப் பால்மா, சவர்க்காரம், உடுக்கச் சாரம் எல்லாம் வாங்கிக் கட்டிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணிடம் கொடுத்தனுப்பிய ஆளை அவர் காணவில்லை. பெயரும் தெரியாது.

அம்மாவுக்கு நான் காட்டவில்லை. காணாமல் போனவர்களின் வீடுகளைத் தேடிப்பிடித்து, உங்கள் பிள்ளை இருக்கிறான் என்று சொல்லிப் பிழைத்த ஆட்கள் மலிந்த காலம் அது. ஒரு தரம் நம்பி, பிறகு இல்லையென்றால் அம்மா தாங்கமாட்டா. இது பாபுவின் கார்ட்தானா என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவன்தான் இருந்தான். எங்கள் ஒழுங்கையில் எதிர்வீட்டில் வளர்ந்த அன்ரன். அவன் டென்மார்க்கின் மறுகோடியில், விபோர்க்கில் இருந்தான். தொலைபேசியில் இப்படியான கதை கதைக்கப் பயந்த நாட்கள். ஆகவே விக்கெட் காப்பாளரையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினேன்.

இஷொய் அடுக்குமாடிகளில் சமையல் மணங்களை வைத்தே ஆட்களைச் சொல்லிவிடலாம். மூன்றாம் மாடியில் துருக்கி, நான்காம் மாடியில் பாகிஸ்தான், ஐந்தாம் மாடியில் வசந்தியக்காவின் நண்டுக் குழம்பு. போனதும் போகாததுமாக எனக்குக் கறுத்த ரொட்டி ஒன்றைக் காட்டினா. செங்கல் போலக் கனம், வாயில் வைத்தால் புளிப்பு. அத்தான் அதன்மேல் வெண்ணெயைப் பூசி, அதன்மேல் மாசிச் சம்பலைப் பரப்பி, கண்ணை மூடிச் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். மூன்றாவது துண்டில் எனக்கு அந்த ரொட்டி பிடித்துப்போயிற்று.

இரவு பத்து மணிக்கும் வெளியே வெளிச்சம். கொழும்பில் ஆறரைக்கு விளக்கேற்றிப் பழகிய எனக்கு, நாள் முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது அந்தரமாக இருந்தது. வசந்தியக்கா மண்டபக் கவலையில் இருந்தா. "போன வருசமே ஹோல் சொல்லி வச்சிட்டம். நாடு இப்பிடிக் கிடக்கேக்கை செய்யிறதோ எண்டு எனக்கு நித்திரை இல்லை, சுகந்தி" என்றா. அத்தான், "செய்யாட்டிலும் கதைப்பினம், செய்தாலும் கதைப்பினம்" என்றார்.

மறுநாள் கதைத்தார்கள். மண்டபத்தில் பின்வரிசைக் கதிரைகள் வெறுமையாக இருந்தன. மேளம் வைக்கவில்லை. விளக்கேற்றுவதற்கு முதல் எல்லோரும் எழுந்து சிறிது நேரம் பேசாமல் நின்றோம். யாரோ ஒரு பெண் விம்மினா. அது முடிந்ததும் பல்லக்கில் மாயா வந்தாள். தலை நிறையப் பூ, முகத்தில் மா அப்பியதுபோலப் பவுடர், கண்ணில் கொலைவெறி. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், "இந்த நேரத்திலை இது தேவையோ, பிள்ளை?" என்று கேட்டுக் கேட்டே மூன்று வடையை முடித்தார்.

எனக்கோ கொய்யாத்தோட்டத்து மதகு நினைவுக்கு வந்துவிட்டது. எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் வாய்க்காலுக்கு மேலே அந்த மதகு. நானும் பாபுவும் அன்ரனும் அங்கேதான் கார்ட்களைப் பரப்பி வைத்திருப்போம். பபிள்கம் பைக்கற்றுக்குள் ஒவ்வொன்றாக வரும் கிரிக்கெட் கார்ட்கள். பபிள்கம் ஒரு நிமிடம் இனிக்கும், பிறகு சைக்கிள் ரியூப்தான். மூத்தவள் என்பதால் சப்புகிற வேலை பெரும்பாலும் எனக்கு. தாடை நோகும். ஆனாலும் மேற்கிந்தியத் தீவுகளின் அந்த நெடிய பந்துவீச்சாளர் எனக்கு வந்த அன்று, அவருடைய கார்ட்டின் பின்பக்கம் கியூடெக்ஸால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். என்னுடையது என்பதற்கு அடையாளம்.

பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் கார்ட்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். வராதவர் ஒருவர்தான், நியூசிலாந்தின் விக்கெட் காப்பாளர். அப்படியொன்றும் பெரிய ஆள் இல்லை. கொழும்பில் இருந்து எந்த லொறி வந்தாலும் அதன் பபிள்கம் பெட்டிக்குள் அவர் இல்லை. வராததாலேயே அவர் எங்களுக்குத் தெய்வமானார். பல வருடங்களுக்குப் பிறகு கொழும்பில் ஒரு பழைய கடையில் அவரைக் கண்டேன். ஒரு பெட்டி நிறையக் கிடந்தார். கொழும்பில் அவர் குப்பை. எங்களிடம் வரத்தான் வழி இருக்கவில்லை.

கார்ட் வரிசையில் கிடைக்காத இலக்கங்களுக்குப் பாபு தானே கார்ட் செய்வான். சவர்க்காரப் பெட்டியை அளவாக வெட்டி, பேனையால் படம் கீறுவான். இங்கிலாந்து, பாகிஸ்தான், எந்த நாடாக இருந்தாலும் எல்லா ஆட்டக்காரருக்கும் ஒரே மூக்கு. எங்கள் அப்பாவின் மூக்கு. நுனி கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அன்ரன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

பிறகு நான் பெரிய பிள்ளையானேன். அறையில் இருத்தினார்கள், தண்ணீர் வார்த்தார்கள், சேலை உடுத்தினார்கள். எல்லாம் முடிந்து ஒருநாள் பின்னேரம் மதகுக்குப் போக வெளிக்கிட்டபோது அம்மா வாசல் படலையடியில் மறித்தா. "இனி என்ன றோட்டிலை விளையாட்டு?" அவ்வளவுதான். என் கார்ட்கள் எல்லாவற்றையும் பாபுவின் கையில் சும்மா கொடுத்தேன். அவன் வாங்க மாட்டேன் என்று அழுதான். அது ஏனென்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு ரயில் நின்றது, பாதை அடைபட்டது, பபிள்கம்மும் நின்றது. பொடியள் இரண்டு பேரும் இருந்த கார்ட்களோடு மதகில் விளையாடினார்கள். நியூசிலாந்துக்காரர் எப்படியோ அன்ரனுக்குக் கிடைத்து, பிறகு பாபுவிடம் வந்தார் என்று மட்டும் கேள்விப்பட்டேன். பாபு அதை யாருக்கும் காட்டவில்லை.

சடங்கின் மறுநாள் காலை மாயா ஹாண்ட்போல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டாள். நகத்தில் மருதாணி அப்படியே இருந்தது. "இனியும் விளையாடப் போறியோ?" என்று கேட்டேன். டெனிஷில் ஏதோ சொன்னாள். வசந்தியக்கா மொழிபெயர்த்தா. "ஏன் விடவேணும் எண்டு கேக்கிறாள்." கதவைச் சாத்திவிட்டு அவள் போய்விட்டாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைமேல் முப்பத்துமூன்று வயதுக்காரிக்குப் பொறாமை. வெளியில் சொன்னால் வெட்கக்கேடு.

அன்றைக்கே விபோர்க் ரயில். "அன்ரன் எங்கடை ஊர்ப் பொடியன், ஒருக்கால் பாத்திட்டு வாறன்" என்று மட்டும் வசந்தியக்காவிடம் சொன்னேன். அத்தான் கொண்டுவந்து ஏற்றிவிட்டு, "ஓரிடத்திலை மாறவேணும், கவனம்" என்று நூறு தரம் சொன்னார். மாறுவது எனக்குத் தெரியும். ரயிலே மாறும் என்று யாரும் சொல்லவில்லை. டென்மார்க்கில் ஓடும் ரயிலை நடுவழியில் இரண்டாக வெட்டி, முன்பாதியை ஒரு பக்கமும் பின்பாதியை இன்னொரு பக்கமும் அனுப்புவார்களாம். ஒலிபெருக்கியில் சொன்னார்கள்தான். டெனிஷில் சொன்னார்கள். நான் அமைதிப் பெட்டியில் இருந்து, பருத்தித்துறை வடையைக் கடித்த சத்தத்துக்காக ஒரு கிழவரிடம் முறைப்பு வாங்கிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் என் பாதி விபோர்க்கைக் கைவிட்டு வேறு திசையில் போய்விட்டது.

சீட்டுப் பார்க்க வந்தவர் என் சீட்டைப் பார்த்து, "நீங்கள் போகவேண்டிய இடம் மற்றப் பாதியில் போய்க்கொண்டிருக்கிறது" என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னார். கோல்டிங்கில் இறங்கினேன். அழுகை வந்தது. வழி தவறியதற்கு அந்தளவு அழத் தேவையில்லை என்று எனக்கே தெரியும்.

"தமிழோ?" என்று ஒரு குரல். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்த ஒரு அம்மா. கையில் ஒரு பை லீக்ஸ் மரக்கறி. என் சீட்டை வாங்கிப் பார்த்து, "இந்தக் கோச்சி எல்லாரையும் ஒருக்காலாவது ஏமாத்தும். என்னைக் கலியாண உடுப்போடை ஏமாத்தினது" என்றா. திரும்பிப் போகும் ரயில் வரும்வரை கூடவே இருந்தா. ஆரிட்டைப் போறியள் என்று கேட்டா.

"தம்பியின்ரை சிநேகிதனிட்டை."

"தம்பி எங்கை?"

நான் கைப்பையைத் திறந்து திறந்து மூடினேன். அவவுக்கு விளங்கிவிட்டது. லீக்ஸ் பையை நிலத்தில் வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்தா. கண்ணை மூடி, உரத்த குரலில், அந்த பிளாட்போமிலேயே ஜெபம் செய்தா. பெந்தெகொஸ்தேக்காரர் என்பது அப்போதுதான் தெரிந்தது. "ஆண்டவரே, இந்தப் பிள்ளையின்ரை சகோதரனைக் காட்டும்!" சுற்றி நின்ற டெனிஷ்காரர் எல்லாம் ஏககாலத்தில் வானத்தில் மழை வருகிறதா என்று பார்த்தார்கள். தேவாரப் புத்தகம் கைப்பைக்குள் இருக்க, நான் ஆமென் சொன்னேன். அந்த நேரம் யார் கேட்டாலும் எதையும் சொல்லியிருப்பேன்.

விபோர்க் ஸ்ரேசனில் அன்ரனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. வழுக்கை விழுந்து, வயிறு வைத்து, யன்னல் செய்யும் தொழிற்சாலையின் நீல மேற்சட்டையோடு நின்ற ஒருவர், "சுகந்தியக்கா" என்றார். குரல் மட்டும் மதகில் கேட்ட அதே குரல். வீட்டில் அவன் மனைவி றெஜினா ஹெரிங் மீனில் சொதி வைத்திருந்தா. நல்ல ருசி. ஆனால் எனக்கு இறங்கவில்லை. சாப்பாட்டு மேசையிலேயே கைப்பையைத் திறந்து கார்ட்டை அவன் முன்னால் வைத்தேன்.

அன்ரன் கை கழுவினான். துடைத்தான். திரும்பவும் கழுவினான். பிறகுதான் தொட்டான். கீழ் மூலையில் அரைவட்டமாக ஒரு துண்டு இல்லை. முகாமில் இருந்து கொழும்புக்கு வரும் வழியில் கிழிந்திருக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

"எங்கடை ஆடு கடிச்சது" என்றான். "கடைசிக் கோச்சியிலை அப்பா கொழும்பிலை இருந்து கொண்டுவந்து தந்தவர். அண்டைக்கே ஆடு மூலையைத் திண்டிட்டுது. நான் ஆட்டை அடிக்க, அம்மா என்னை அடிச்சா." சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "இது பாபுவின்ரைதான், அக்கா."

ஆனாலும் கேட்டேன். "கார்ட் அவன்ரை. சரி. ஆள் இருக்கிறானோ, அன்ரன்? கார்ட் மட்டும் வேறை ஆற்றையேன் கையிலை அகப்பட்டு வந்திருந்தால்?"

றெஜினா தண்ணீர் கொண்டுவந்து வைத்தா. அன்ரன் கார்ட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சிஸ்டர் குடுக்கேக்கை வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டான்.

"சுகந்தியிட்டைக் குடுக்கட்டாம் எண்டவ. மாறி ஏதாவது வாங்கிக்கொண்டு வரட்டாம் எண்டவ. நான் பால்மாவும் சாரமும் குடுத்துவிட்டன்."

அன்ரன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "மாறி கேட்டவனோ?" என்றான். "அக்கா, மாறி கேட்டவனோ?"

பிறகு சொன்னான். நான் மதகை விட்டுப் போன பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒரு சட்டம் வைத்திருந்தார்களாம். கார்ட்டை ஒருவரும் சும்மா கொடுக்கக்கூடாது, சும்மா வாங்கவும் கூடாது. ஒன்று கொடுத்தால் மாறி ஒன்று வாங்கவேண்டும். சும்மா கொடுக்கிறவன் ஆட்டத்தை விட்டுப் போகிறவன். "நீங்கள்தான் எல்லாத்தையும் சும்மா குடுத்திட்டுப் போட்டியள். அதுக்குப் பிறகுதான் பாபு இந்தச் சட்டம் வச்சவன். இனி ஒருத்தரும் அப்பிடிப் போகக்கூடாதாம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்ட அண்டு நியூசிலாந்தை அவனிட்டைச் சும்மா குடுத்தன். திரும்பி வரமாட்டன் எண்டு எனக்குத் தெரியும். அவன் வாங்கேல்லை. வீட்டை ஓடிப்போய் ஒண்டு எடுத்துக்கொண்டு வந்து என்ரை சேட்டுப் பொக்கற்றுக்குள்ளை திணிச்சுப்போட்டுத்தான் வாங்கினவன். 'இப்ப நீ போகேல்லை' எண்டவன்." அன்ரன் மூக்கை உறிஞ்சினான். "மாறி எண்டு கேக்க அவனுக்கு மட்டும்தான் தெரியும். சாகப்போறவன் மாறி கேக்கமாட்டான், அக்கா. ஆட்டத்திலை நிக்கிறவன்தான் கேப்பான்."

உள்ளே போய்த் தன் பைபிளை எடுத்துவந்தான். அதற்குள் இருந்து ஒரு கார்ட். மேற்கிந்தியத் தீவுகளின் நெடிய பந்துவீச்சாளர். நான் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். சிவப்புப் பொட்டு மங்கி, காய்ந்த குங்குமம் போல இருந்தது. துலைஞ்சு போச்சு என்று பாபு எனக்குச் சொன்ன கார்ட். எத்தனையோ எல்லைகளை ஒளித்தும் நடந்தும் கடந்து என் கார்ட் விபோர்க்கில் இருந்திருக்கிறது. நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். றெஜினா என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றா.

மறுநாள் காலை ஸ்ரேசனில், "இதை அவனுக்குக் குடுத்துவிடுங்கோ" என்று அன்ரன் பந்துவீச்சாளரை என் கையில் வைத்தான். வாங்கிக் கைப்பைக்குள் வைத்தபோது, அவன் கை இன்னும் நீட்டியபடி நின்றது. நான் பார்த்தேன். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான், கையை எடுக்கவில்லை.

விளங்கியது. என்னிடம் இருந்ததும் ஒன்றே ஒன்றுதான். அம்மாவுக்குக் காட்ட, பாபுவின் கை பட்டதென்று என்னிடம் இருந்த ஒரே பொருள். அதைக் கொடுக்க எனக்கு மனமே இல்லை. ரயில் வந்து நின்றது. ஆனால் நான் சும்மா வாங்கிக்கொண்டு போனால் அன்ரன் ஆட்டத்தில் இல்லை என்றாகிவிடும். நியூசிலாந்துக்காரரை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். அவன் சேட்டுப் பொக்கற்றுக்குள் போட்டு, மேலே கையை வைத்து மூடிக்கொண்டான். இந்த முறை எந்தப் பாதியில் ஏறவேண்டும் என்று அவனே கூட்டிப்போய் ஏற்றிவிட்டான்.

கொழும்புக்கு வந்து சிஸ்டரிடம் கார்ட்டைக் கொடுத்தேன். "இது மட்டுமோ? பால்மா ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார்.

"இந்த முறை இது மட்டும், சிஸ்டர். அந்தப் பெண்ணிட்டையே குடுங்கோ. மாறி ஏதும் தந்தால் மறக்காமல் வாங்கிக்கொண்டு வாங்கோ."

அம்மாவிடம் அப்போதும் வாய் திறக்கவில்லை. அன்ரன் சொன்னதை நான் நம்பினேன். இருந்தாலும் படலைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தேன்.

மழை பிடித்த ஒரு பின்னேரம் சிஸ்டர் வந்தார். இம்முறை அம்மா வீட்டில்தான் இருந்தா. சிஸ்டர் குடையை மடக்கி வைத்துவிட்டு, ஜெபப் புத்தகத்துக்குள் இருந்து ஒரு மட்டைத் துண்டை எடுத்துத் தந்தார். கார்ட் அளவுக்கு வெட்டிய பால்மாப் பெட்டி. நான் வாங்கிக் கொடுத்த அதே பால்மா. பேனையால் ஒரு படம் கீறியிருந்தது. ஒரு பிள்ளை, இரட்டைப் பின்னல், கையை உயர்த்திப் பந்து போடுகிறாள். மூக்கு நுனி வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

அம்மா அதை என் கையில் இருந்து வாங்கினா. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டா. நான் எல்லாவற்றையும் சொன்னேன். விமான நிலையம், வெட்டுப்பட்ட ரயில், ஆடு, மதகுச் சட்டம், எல்லாம். அம்மா விரலால் அந்த மூக்கை மட்டும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தா. சிஸ்டர் போக எழுந்தார். அம்மா பதறிப்போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டா.

"கொஞ்சம் பொறுங்கோ, சிஸ்டர்" என்றா. பிறகு என் பக்கம் திரும்பினா. "சுகந்தி, கெதியாச் சொல்லு. இதுக்கு மாறி நாங்கள் என்ன குடுக்கிறது?"